உருண்டையா, முக்கோணமா? நானோ துகளின் வடிவம் ஒளியின் நிறத்தை மாற்றுவது எப்படி?

பச்சை லேசர் பாயிண்டரைப் பார்த்திருப்பீர்கள். பல பாயிண்டர்களுக்குள் முதலில் உருவாவது பச்சை ஒளியே அல்ல. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அதைக்கொண்டு 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி உருவாக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் படிகம் இரண்டு ஃபோட்டான்களை ஒன்றாக்குகிறது. அலைநீளம் பாதியாகி, 532 நானோமீட்டர் பச்சை வெளியே வருகிறது. 1961-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழு குவார்ட்ஸ் படிகத்தில் இந்த ‘இரட்டிப்பை’ முதலில் செய்து காட்டியது.

எல்லாப் பொருளும் இதைச் செய்யுமா?

செய்யாது. நடுப்புள்ளிக்கு இருபுறமும் அணுக்கள் ஒரே மாதிரி அடுக்கப்பட்டிருந்தால், எலெக்ட்ரான்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமாகவே ஆடும். இரட்டிப்பு ஒளி பிறக்க, அந்த ஆட்டத்தில் ஒரு பக்கச் சாய்வு வேண்டும்.

அப்போ தங்கம்?

தங்கத்தின் உட்புறம் இப்படிச் சமச்சீரானது. ஆனால் மேற்பரப்பில் ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் காற்று. அங்கே சமச்சீர் உடைகிறது. மிகச் சிறிய உருண்டையில், எதிரெதிர் பக்கங்களில் பிறக்கும் ஒளி பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துவிடும். அதே தங்கத்தை முக்கோணமாகவோ ‘ட’ வடிவிலோ செய்தால், கணக்கு முழுசாக நேராகாது. மிச்சம் ஒளியாகக் கிடைக்கும்.

இதனால் நமக்கு என்ன?

செல்களைப் படமெடுக்கப் பயன்படும் ஒளிரும் சாயங்கள் வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கிவிடும். சமச்சீர் இல்லாத பேரியம் டைட்டனேட் நானோ துகள்கள் ஒளியை உறிஞ்சி வைக்காமல் மாற்றி மட்டுமே அனுப்புவதால் அப்படி மங்குவதில்லை. செல்லுக்குள் ஒரே துகளை நீண்ட நேரம் பின்தொடரலாம். திசுவுக்குள் கொஞ்சம் ஆழமாகப் போகும் அகச்சிவப்பு ஒளியே இதற்குப் போதும்.