மின்சார சைக்கிளுக்குப் பெரிய செயின்ரிங்: வேகம் கூடுமா, செலவு கூடுமா?

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் மேடு ஏறும்போது மின்சார மலை சைக்கிளைப் போல் சுகமான வாகனம் வேறில்லை. காலை ஊன்றினால் போதும், மோட்டார் கூடவே தள்ளிக்கொடுக்கும். ஆனால், அதே சைக்கிள் தோட்டத்து வாசலைத் தாண்டித் தார்ச்சாலைக்கு வந்ததும் கதை மாறிவிடுகிறது. கால்கள் வேகமாகச் சுழல்கின்றன. வண்டியோ அதற்கு மேல் போக மறுக்கிறது. அப்போதுதான் பலருக்கும் அந்த எண்ணம் வருகிறது: முன்னால் இருக்கும் செயின்ரிங்கைப் பெரிதாக்கினால் என்ன?

சைக்கிளை மாற்றியமைப்பது என்றாலே வீட்டில் பெரியவர்களுக்குப் பயம். சாலையில் குப்புறப் படுத்து ஓட்டும் 'லாஜாக்' பிள்ளைகளைப் பார்த்த பயம் அது. செயின்ரிங் மாற்றுவது அந்த வகை விளையாட்டன்று. முறையான பட்டறை வேலைதான். ஆயினும், என்ன கிடைக்கும், எதை இழப்போம் என்று தெரியாமல் செய்தால் காசும் போகும், மலையேறும் சுகமும் போகும்.

கணக்கு எளிதானது

பெடலோடு சேர்ந்து சுற்றும் முன் பற்சக்கரமே செயின்ரிங். பின் சக்கரத்தில் அடுக்காக இருக்கும் பற்சக்கரத் தொகுதி கேசட். முன்னால் 34 பல்லும் பின்னால் 11 பல்லும் இருந்தால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின் சக்கரம் ஏறத்தாழ 3.1 சுற்று சுற்றும். 29 அங்குல மலை சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.3 மீட்டர் நகரும். நிமிடத்திற்கு 80 முறை பெடல் மிதித்தால் மணிக்கு 34 கிலோமீட்டர் வேகம் வரும்.

அதே மிதியில் செயின்ரிங்கை 38 பல்லாக மாற்றினால் வேகம் 38 கிலோமீட்டர் ஆகும். காகிதத்தில் பார்த்தால் நல்ல லாபம். ஆனால், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

மோட்டார் உதவி 25 கிலோமீட்டரில் நின்றுவிடும்

ஐரோப்பிய இஎன் 15194 தரத்தின்படி செய்யப்பட்ட மின்சார சைக்கிள்களில் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் உதவி நின்றுவிடும். வண்டியின் வேகத்தை அளப்பது பின் சக்கரத்தோடு சேர்ந்த காந்தமும் சென்சாரும். முன்னால் எத்தனை பல் இருக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஆகவே, பெரிய செயின்ரிங் போட்டாலும் மோட்டாரின் எல்லை நகராது.

25 கிலோமீட்டருக்கு மேல் தள்ளுவது முழுக்க முழுக்க ஓட்டுபவரின் கால்கள்தாம். வண்டியின் எடையோ 22 முதல் 26 கிலோ வரை இருக்கும்; தடித்த டயர்கள் வேறு. சமதளத்தில் 35 கிலோமீட்டர் வேகத்தைத் தொடர்ந்து பிடிப்பது பயிற்சி பெற்றவர்களுக்கே கடினம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 34 பல் செயின்ரிங்கிலேயே, 11 பல் கியரில் 25 கிலோமீட்டர் போக நிமிடத்திற்கு 59 மிதி போதும். அதாவது, மோட்டார் உதவும் வேகம் முழுவதற்கும் தொழிற்சாலை கியரே தாராளமாகப் போதும். பெரிய செயின்ரிங்கின் பலன் உண்மையில் தெரிவது, நீண்ட இறக்கத்தில் பெடல் மிதித்துக்கொண்டே இறங்கும்போதுதான்.

அப்படியானால் பலனே இல்லையா?

இருக்கிறது. பலரும் யோசிக்காத பலன் அது: செயின் தேய்மானம். பெடலுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் மோட்டார் இருக்கும் வண்டிகளில், மோட்டாரின் முழு விசையும் செயின் வழியாகவே போகிறது. ஷிமானோவின் இபி8 போன்றவை 85 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குவிசை தருபவை. 34 பல் செயின்ரிங்கில் இந்த விசை செயினை ஏறத்தாழ 126 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். 38 பல்லில் அது 113 கிலோவாகக் குறையும். இதற்கு மேல் ஓட்டுபவரின் கால் விசையும் சேரும்.

தவிர, 25 கிலோமீட்டர் வேகத்தில் 34 பல்லோடு பின்னால் 15 பல்லில் ஓடும் செயின், 38 பல்லோடு 17 பல்லில் ஓடும். பல் கூடினால் விசை பலவற்றில் பங்கிடப்படும். தினமும் சமவெளிச் சாலையில் வேலைக்குப் போய் வருபவருக்கு இது உண்மையான சேமிப்பு.

மேட்டில் கொடுக்கும் விலை

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை போன்ற இடங்களில் கணக்கு தலைகீழாகும். பின்னால் மிகப் பெரிய 50 பல் கியரில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 34 பல் செயின்ரிங்கில் கால்கள் நிமிடத்திற்கு 64 முறை சுழலும். 38 பல்லில் 57 முறைதான். ஒவ்வொரு மிதியும் 12 விழுக்காடு கனக்கும்.

கால் வலி மட்டுமன்று பிரச்சினை. இவ்வகை மோட்டார்கள் கால்கள் சுறுசுறுப்பாகச் சுழலும்போதுதான் நன்றாக வேலை செய்யும். மெதுவாக, கனமாக மிதித்தால் மோட்டார் திணறும், சூடேறும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். அதிகம் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள உதவியையே குறைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில், செங்குத்தான மேட்டின் நடுவில் அப்படி நடந்தால் 25 கிலோ வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, இடம். செயின்ரிங்குக்கும் சட்டத்தின் பின் தண்டுக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும். எத்தனை பல் வரை போடலாம் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. அதை மீறிப் போட்டால் பற்கள் சட்டத்தை அறுக்கும்.

இரண்டாவது, பொருத்தம். ஒரு மோட்டாரின் செயின்ரிங் இன்னொன்றில் உட்காராது. செயின் நேர்கோட்டில் ஓட வேண்டிய தூரமும் வேறுபடும். பழைய வண்டி வாங்குபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2014 முதல் சில ஆண்டுகள் வந்த போஷ் மோட்டார்களில் செயின்ரிங் மிகச் சிறியது. பெடல் ஒருமுறை சுற்றினால் அது இரண்டரை முறை சுற்றும். அங்கே 15 பல் என்பது சாதாரண வண்டியின் 37.5 பல்லுக்குச் சமம். ஒரு பல் கூட்டி 16 போட்டாலே 40 பல் போட்டதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, செயின் நீளம். நான்கு பல் கூடினால் செயினில் ஏறத்தாழ இரண்டு கண்ணிகள் கூடுதலாகத் தேவை. பழைய செயின் குட்டையாக இருக்க, அப்படியே பெரிய கியருக்கு மாற்றினால் பின் கியர் மாற்றி பிய்ந்து சக்கரத்துக்குள் போய்விடும். பின்புறம் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் அது முழுக்க அமுங்கிய நிலையிலும் செயின் போதுமா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த செயினைப் புதிய செயின்ரிங்கில் போடவும் கூடாது. புதிய பற்களைச் சீக்கிரமே தின்றுவிடும்.

நான்காவது, முடுக்கும் விசை. பூட்டு வளையத்தைத் திருகும் திசையும் விசையும் மோட்டாருக்கு மோட்டார் மாறும். கைக்கணக்கில் முடுக்காமல், விசை அளக்கும் ஸ்பானரைப் பயன்படுத்தும் கடையில் கொடுப்பது நல்லது. உத்தரவாதம் பாதிக்கப்படுமா என்பதையும் வாங்கிய கடையில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழி

மேட்டின் சுகத்தை இழக்காமல் வேகம் வேண்டுமென்றால், முன்னால் கை வைக்காமல் பின்னால் மாற்றலாம். 11-50 கேசட்டுக்குப் பதில் 10-51 போட்டால், 34 பல் செயின்ரிங்கோடு கிடைக்கும் உச்ச கியர், 38-க்கு 11 தரும் கியருக்கு ஏறக்குறைய சமம். மலையேறும் கியரோ இன்னும் சற்று இலகுவாகும். ஆனால், இதற்குப் பின் சக்கர மையத்தில் வேறு வகை ஃப்ரீஹப் தேவைப்படும். கியர் மாற்றியும் செயினும் அதற்கு ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு செலவையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உள்ள மலிவான வண்டிகளில் மோட்டார் விசை செயின் வழியே போவதில்லை. அங்கே செயின்ரிங் மாற்றுவது கால் உழைப்பை மட்டுமே மாற்றும்.

தாண்டக் கூடாத கோடு

செயின்ரிங் மாற்றுவது ஒன்று. சென்சாரை ஏமாற்றும் கருவி பொருத்தி 25 கிலோமீட்டர் எல்லையை உடைப்பது வேறொன்று. பின்னதைச் செய்தால் உத்தரவாதம் போகும். விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம். ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வண்டி கொண்டுபோக நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: அங்கே மின்சார சைக்கிள் 20 கிலோ, 250 வாட், 25 கிலோமீட்டர் என்ற வரம்புகளுக்குள் இருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட வண்டியை மாற்றியமைப்பதும் குற்றம். பெரும்பாலான மின்சார மலை சைக்கிள்கள் எடையிலேயே தோற்றுவிடும்.

வேகம் 34-லிருந்து 38 ஆனால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் கால் பங்கு கூடிவிடும். மழையில் நனைந்த தோட்டத்துச் சாலையில், வளைவில் பனைக்குலை லாரி எதிரே வரும்போது அந்தக் கால் பங்கு பெரிய விஷயம். ஆகவே, செயின்ரிங்குக்கு முன்பு பிரேக் கட்டையையும் டயரையும் பாருங்கள். தினமும் சமவெளிச் சாலையில் ஓடும் வண்டியா, மாற்றலாம். மேடே உங்கள் வழி என்றால், தொழிற்சாலை கொடுத்த செயின்ரிங்கே உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கும்.