கலகெதர சமையலறைக்கு டோஃபு சோறு

கண்டி மாவட்டத்துக்கு சோயா புதிதல்ல. பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் சோயா உணவு ஆராய்ச்சி 1970களிலேயே நடந்தது. சோயா மீட் இன்று நம் நாட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. அதே சோயா அவரையின் பாலைத் திரைத்து, அழுத்தி எடுத்தால் டோஃபு.

குருநாகல் வீதியில் கலகெதர வந்து வீடு சேர நேரமாகிவிட்டதா? அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு, கெட்டி டோஃபுவைச் சுத்தமான துணியில் சுற்றி, மேலே பாரம் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள். நீர் வடியாத டோஃபு பொரியாது, எண்ணெயில் அவிந்துதான் போகும். பிறகு துண்டுகளாக வெட்டி, சோளமாவில் பிரட்டி, சூடான எண்ணெயில் இடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமாகும்வரை கிளறவே வேண்டாம்.

துண்டுகளை எடுத்துவிட்டு, அதே தாச்சியில் பூண்டு, பச்சை மிளகாய், கரட், கங்குன் கீரையைச் சற்று வதக்கி, சோயா சோஸ் ஊற்றி, டோஃபுவைச் சேருங்கள். சோஸிலேயே உப்பு உண்டு, தனியாகப் போடாதீர்கள். சுடுசோற்றின் மேல் பரப்பி, தேசிக்காய்ப் புளி பிழியுங்கள். கீரையிலும் சோயாவிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச தேசிக்காயிலுள்ள விட்டமின் சி உதவும்.

டோஃபுவை வீட்டிலேயே செய்பவர்கள் சோயாப் பாலைப் பத்து நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, கொதியில்தான் அது அடங்கும்.