‘அல்’ எனத் தொடங்கும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கில அகராதியைப் புரட்டுவோர் அல்ஜீப்ரா, அல்காரிதம், ஆல்கஹால், ஆல்கலி, ஆல்கோவ் எனத் தொடக்கம் ஒத்த பெயர்ச்சொற்கள் பலவற்றைக் காண்பர். இவற்றின் முதலில் நிற்கும் ‘அல்’, அரபு மொழியில் பெயருக்கு முன் வரும் சுட்டு. ஆங்கிலத்தின் ‘தி’ போன்றது. அரபு நூல்களை ஸ்பெயின் நாட்டிலிருந்து இலத்தீனில் பெயர்த்தோர் இச்சுட்டையும் பெயரின் உறுப்பாகவே கொண்டுவிட்டனர். ஆகவே ஆங்கிலேயர் ‘தி ஆல்கலி’ என்னுங்கால் ஒரே சுட்டை இருமுறை சொல்கின்றனர்!

முதற்கண் அல்ஜீப்ராவைக் காண்போம். கி.பி. 820-ஐ ஒட்டிப் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி இயற்றிய கணித நூலின் தலைப்பில் ‘அல்-ஜப்ர்’ என்னும் சொல் உள்ளது. முறிந்ததைப் பொருத்தி நிறைவாக்குதல் என்பது அதன் பொருள். சமன்பாட்டில் கழிபடும் உறுப்பை இருபுறமும் கூட்டி நீக்கும் முறையை அவர் அவ்வாறு குறித்தார். 1145-இல் செஸ்டர் நகர இராபர்ட் அந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். ஸ்பானிய மொழியில் எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டுவோருக்கும் ‘அல்ஹெப்ரிஸ்தா’ என்ற பெயர் வழங்கியது. கணக்குப் பாடத்தால் நொந்த மாணவர் இதனை ஒப்புவரோ, அறியோம். அல்காரிதம் என்பதோ அந்நூலாசிரியரின் பெயரே திரிந்தது. குவாரிஸ்ம் என்பது அவர்தம் குடிவழி ஊர்ப்பகுதி.

மிகுதியும் பொருள் மாறியது ஆல்கஹால். ‘குஹ்ல்’ என்பது கண்ணுக்கு இடும் அஞ்சனம்; நம் இல்லங்களில் சுர்மா எனப்படுவது. கருநிறக் கனிமத்தை மிக நுண்ணிதாக அரைத்துச் செய்வது. ஐரோப்பிய இரசவாதிகள் முதலில் எந்த நுண்பொடியையும், பின்னர் ஒரு பொருளினின்று வடித்தெடுத்த சாரத்தையும் அப்பெயரால் அழைத்தனர். பதினாறாம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் திராட்சை மதுவின் சாரத்திற்கு அதனைச் சூட்டினார். எனவே, மதுவுக்கு அப்பெயரை இட்டோர் அரபியர் எனக் கூறுவது பொருந்தாது. அப்புதுப்பொருள் பிற்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து அரபுக்கே திரும்பி, இன்று ‘குஹூல்’ என வழங்குகிறது.

ஆல்கலியில் உள்ள ‘கலீ’, நம் கடற்கரை உமரி போன்ற உவர்நிலச் செடிகளை எரித்துப் பெறும் சாம்பல். பொட்டாசியத்தின் இலத்தீன் பெயரான காலியம் இதன் வழி வந்ததே. அதன் குறியீடு ‘கே’ ஆனதன் காரணம் வேதியியல் மாணவர்க்கு இனி விளங்கும்.

அரபுச் சொற்கள் அனைத்தும் ‘அல்’லுடன் சென்றனவல்ல. பருத்தியைக் குறிக்கும் ‘குத்ன்’, இத்தாலிய வணிகர் வழியே சுட்டின்றிச் சென்று ஆங்கிலத்தில் ‘காட்டன்’ ஆயிற்று. ஸ்பானியத்திலோ சுட்டுடன் ‘அல்கொதோன்’ ஆயிற்று. ‘சுக்கர்’ என்பதும் அவ்வாறே ஆங்கிலத்தில் ‘சுகர்’, ஸ்பானியத்தில் ‘அசூகர்’. பின்னதில் லகரம் இல்லாதது ஏன்? அரபு இலக்கணத்தில் சூரிய எழுத்துகளின் முன் சுட்டின் லகரம் ஒலிக்காது, அவ்வெழுத்தாகவே மாறும் என்பதை அரபு பயின்றோர் அறிவர்.

வானிலும் ‘அல்’ உண்டு. நாம் உரோகிணி என்னும் விண்மீனை ஆங்கிலேயர் அல்டெபரான் என்பர். ‘பின்தொடர்வது’ என்பது பொருள். அது பின்தொடர்வது கார்த்திகை மீன்கூட்டத்தை; நம் நாண்மீன் வரிசையிலும் கார்த்திகைக்குப் பின் உரோகிணி.

இவற்றைக் கண்டு, ‘அல்’ எனத் தொடங்குவன யாவும் அரபே எனப் பெருமை கொள்வாரும் உளர், அது பிழை. முதலையினமாகிய அலிகேட்டர், ‘அந்தப் பல்லி’ எனப் பொருள்படும் ‘எல் லகார்த்தோ’ என்ற ஸ்பானியத் தொடர். அதிலுள்ள சுட்டு இலத்தீன் வழியது. அலாரம், ‘ஆயுதம் ஏந்துக’ என்னும் இத்தாலியக் கூவல். வாதுமைக்குரிய ஆங்கிலப் பெயரான ஆல்மண்ட் கிரேக்க மூலத்தது. அரபுச் சுட்டின் சாயலாலேயே அதில் லகரம் புகுந்தது என்பர்.

கடற்படைத் தலைவராகிய அட்மிரலில் நிலை வேறு. ‘அமீர் அல்’ எனத் தொடங்கும் பதவிப் பெயர்களிலிருந்து பிறந்த அச்சொல்லில் ‘அல்’ இறுதியில் ஒட்டிநிற்கிறது; அதனையடுத்து வரவேண்டிய பெயர் உதிர்ந்துபோயிற்று.