மனதைப் படித்தால் போதுமா?

"அவன்ட மனசுக்குள்ள என்ன இரிக்கோ, ஆருக்குத் தெரியும்" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அது தெரிந்துவிடுகின்ற ஓர் உலகில் குற்றமும் நீதியும் என்னவாகும்? விஞ்ஞானப் புனைகதையாளர்கள் பலர் இதைக் கற்பனை செய்திருக்கிறார்கள். அவற்றுள் இன்றும் வாசிக்க வேண்டியது என நான் நினைப்பது, அமெரிக்கரான அல்பிரட் பெஸ்டரின் 'த டிமாலிஷ்ட் மேன்' நாவல். 1952இல் 'கெலக்சி' சஞ்சிகையில் தொடராக வெளிவந்து, 1953இல் முதன்முதலாக வழங்கப்பட்ட ஹியூகோ விருதைப் பெற்ற நாவல் இது.

கதை நடப்பது 24ஆம் நூற்றாண்டில். பிறர் மனதைப் படிப்பவர்கள் வைத்தியத்திலும் பொலிஸிலும் வியாபாரத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கென ஒரு சங்கமும் கடுமையான ஒழுக்க விதிகளும் உண்டு. கொலை செய்துவிட்டுத் தப்புவது ஏறத்தாழ முடியாத காரியம். நினைத்தாலே பிடிபட்டுவிடுமே! அப்படியோர் உலகில் பென் ரைக் என்ற பெருமுதலாளி தன் வியாபாரப் போட்டியாளரைக் கொல்லத் திட்டமிடுகிறான். எண்ணத்தை எப்படி மறைப்பது? பாட்டெழுதும் ஒருத்தியிடம் போய், ஒருமுறை கேட்டால் மண்டையை விட்டுப் போகாத மெட்டொன்றைக் கேட்டுக்கொண்டு வருகிறான். மேலே பாட்டு ஓடிக்கொண்டேயிருக்க, கீழே கொலை எண்ணம் பதுங்கிக்கொள்கிறது. விளம்பரப் பாட்டுகள் படுத்தும் பாட்டை அறிந்த நமக்கு இது ஒன்றும் பெரிய கற்பனையாகத் தோன்றாது.

கொலை நடந்துவிடுகிறது. மனதைப் படிக்கும் பொலிஸ் அதிகாரி பவலுக்குக் கொலையாளி யார் என்று தெரிந்தும்விடுகிறது. ஆனால் மனதில் படித்தது சாட்சியாகாது, வெளிச்சான்று வேண்டும். குறிப்பாக, ஏன் கொன்றான் என்பதை நிறுவ வேண்டும். அங்கேதான் சிக்கல். கொலைக்கு முன், இரு நிறுவனங்களையும் இணைப்போம் என்று ரைக் சங்கேதச் செய்தி அனுப்பியிருந்தான். வந்த பதில், சம்மதம். ரைக் அதை மறுப்பு என்று வாசித்துவிட்டான். அவன் பொய் சொல்லவில்லை, அப்படியே நம்புகிறான். உண்மைக் காரணம் அவனுக்கே தெரியாமல் அடிமனதில் கிடக்கிறது. அது என்னவென்று இங்கே சொல்லி நாவலைக் கெடுக்கமாட்டேன். சொந்தக்காரனே வாசிக்காத பக்கங்களும் மனதில் உண்டு என்பதுதான் பெஸ்டரின் கண்டுபிடிப்பு.

இதெல்லாம் வெறும் கதை என்று இனியும் தள்ளிவிட முடியாது. 2023இல் ஒஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் கதை கேட்டுக்கொண்டிருப்பவரின் மூளை இரத்த ஓட்ட மாற்றங்களிலிருந்து, அவர் கேட்பதன் சாரத்தைக் கணினி மூலம் சொற்களாக்கிக் காட்டினார்கள். அதற்காக ஒவ்வொருவரும் 16 மணித்தியாலங்கள் கதை கேட்டுக் கணினியைப் பழக்க வேண்டியிருந்தது. ஒருவருக்குப் பழகியது இன்னொருவருக்கு உதவவில்லை. கேட்பவர் மனதுக்குள் ஏழு ஏழாக எண்ணினாலோ, மிருகங்களின் பெயர்களை நினைத்தாலோ கணினி தடுமாறியது. ரைக்கின் பாட்டு ஞாபகம் வருகிறதல்லவா!

இன்னொன்றும் உண்டு. தன்னிடம் இன்னும் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை என்று ஒருத்தி சொல்வதைக் கேட்டவரின் மூளையிலிருந்து, அவள் வாகனம் ஓட்டப் பழகவே தொடங்கவில்லை என்று கணினி எடுத்தது. ஆய்வுக்கு அது நல்ல வெற்றிதான். வழக்கொன்றில் இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்! நாளை இந்தக் கருவி கூர்மையடையலாம், ஒத்துழைப்பே தேவைப்படாமலும் போகலாம். அப்போதும் அது தருவது எண்ணத்தை மட்டும்தான். எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அது அளந்து தராது.

சிலி நாடு 2021இலேயே தன் அரசியலமைப்பைத் திருத்தி, மூளையின் செயற்பாட்டுக்கும் அதிலிருந்து பெறப்படும் தகவல்களுக்கும் பாதுகாப்பு வழங்கிவிட்டது. ஏனைய நாடுகள் கருவி வந்த பிறகு யோசிக்கலாம் என்று இருக்கின்றன போலும்.