இழப்பும் நம்பிக்கையும்: கேத்தரின் பேட்டர்சனின் சிறார் நாவல்கள்

ஆய்வுச் சுருக்கம்

சிறார்க்கென எழுதப்படும் கதை மகிழ்ச்சியில் முடியவேண்டும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. இறப்பு, புறக்கணிப்பு, பொறாமை ஆகியவற்றைச் சிறுவர் நூல்களில் காணும் பெரியவர்கள் தயங்குகின்றனர். சில வேளைகளில் அந்நூல்களை விலக்கவும் முற்படுகின்றனர். அமெரிக்க நாவலாசிரியர் கேத்தரின் பேட்டர்சன் இவ்வெதிர்பார்ப்புக்கு மாறாக எழுதியவர். அவருடைய வாழ்க்கைப் பின்னணியையும் மூன்று முதன்மையான நாவல்களின் முடிவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இழந்த குழந்தை இழந்ததைத் திரும்பப் பெறுவதில்லை. பிறர்க்குத் தரும் நிலைக்கு உயர்கிறது என்பதே அம்முடிவுகளின் பொதுத்தன்மை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சிறார் இலக்கியம், இளையோர் நாவல், கேத்தரின் பேட்டர்சன், இறப்பு, நம்பிக்கை.

முன்னுரை

சிறார் இலக்கியம் அறநெறி புகட்டுவதற்கும் பொழுதுபோக்குக்கும் உரியது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குறிப்பாக 1970-களில், அமெரிக்கச் சிறார் நாவல் நடைமுறை வாழ்வின் துயரங்களை நேர்கொண்டு பேசத் தொடங்கியது. அம்மாற்றத்தில் குறிப்பிடத்தக்க பங்காற்றியவர் பேட்டர்சன். நியூபெரி பதக்கத்தை 1978, 1981 ஆகிய ஆண்டுகளில் இருமுறை பெற்றார். 1998-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதும், 2006-இல் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் நினைவு விருதும் அவருக்கு வழங்கப்பட்டன. இத்தகைய ஏற்பைப் பெற்ற ஒருவருடைய நூலே பள்ளிகளிலிருந்து நீக்கப்படவேண்டும் என்ற கோரிக்கைக்கும் மீண்டும் மீண்டும் உள்ளானது. இம்முரண் ஆராயத்தக்கது.

அயலாக வளர்ந்த குழந்தை

பேட்டர்சன் 1932 அக்டோபர் 31 அன்று சீனாவின் ஜியாங்சு மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கக் கிறித்தவ ஊழியர்கள். அவர் முதலில் பேசிய மொழி சீனம். 1937-இல் சீன - ஜப்பானியப் போர் மூண்டபின், அக்குடும்பம் இருமுறை சீனாவை விட்டு வெளியேற நேர்ந்தது. அமெரிக்கா அவருடைய பெற்றோருக்குத் தாய்நாடு, அவருக்கோ அயல்நாடு. பேச்சும் உடையும் வேறாக இருந்த அச்சிறுமி, ஊர் ஊராக மாறிய பள்ளிகளில் தனித்தே நின்றாள்.

அன்பர் தினத்தன்று வகுப்பில் பிள்ளைகள் வாழ்த்து அட்டைகளைப் பரிமாறிக்கொள்வது அமெரிக்கப் பள்ளி வழக்கம். ஓர் ஆண்டு அவருக்கு ஓர் அட்டைகூடக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அவருடைய தாய், அந்நாளைப் பற்றி ஏன் கதை எழுதவில்லை என்று கேட்டார். தம் கதைகள் அனைத்துமே அந்நாளைப் பற்றியவைதாம் என்று பேட்டர்சன் விடையளித்தார். அவருடைய படைப்புகளுக்குள் நுழைய இவ்விடை ஒரு திறவுகோல் எனலாம். அவருடைய நாவல்களின் தலைமை மாந்தர் பெரும்பாலும் எவரும் தேர்ந்தெடுக்காத பிள்ளைகளே.

டென்னசியில் உள்ள கிங் கல்லூரியில் 1954-இல் பட்டம் பெற்ற பேட்டர்சன், வர்ஜீனியாவின் சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஓராண்டு ஆசிரியராக இருந்தார். பின்னர் நான்கு ஆண்டுகள் ஜப்பானில் ஊழியம் செய்தார். தம் இளமையைக் குலைத்த போரில் எதிரியாக நின்ற நாட்டு மக்களோடு வாழ்ந்து, அவர்கள் மொழியைக் கற்று, அவர்களை நேசிக்கவும் கற்றார். 1962-இல் ஜான் பேட்டர்சன் என்னும் போதகரை மணந்தார். இவ்விணையர் தம் இரு மகன்களோடு இரு பெண்குழந்தைகளையும் தத்தெடுத்து வளர்த்தனர்.

அவருடைய முதல் மூன்று நாவல்களும் பழைய ஜப்பானைக் களமாகக் கொண்டவை. முதல் நாவல் 1973-இல் வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு ஒசாகா நகரின் பொம்மலாட்ட அரங்கையும் பஞ்சத்தையும் சித்திரிக்கும் 'தி மாஸ்டர் பப்பட்டியர்' (1975) 1977-இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்றது.

இறப்பை எழுதுதல்

1974-ஆம் ஆண்டு பேட்டர்சனுக்குப் புற்றுநோய் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. அதே ஆண்டுக் கோடையில், அவருடைய மகன் டேவிட்டின் எட்டு வயதுத் தோழி மின்னல் தாக்கி இறந்தாள். மகனின் துயரத்திற்குப் பொருள் காண முயன்று பேட்டர்சன் எழுதியதே 'பிரிட்ஜ் டு டெராபித்தியா' (டெராபித்தியாவுக்குப் பாலம், 1977).

வர்ஜீனியச் சிற்றூரில் வறிய குடும்பத்துச் சிறுவன் ஜெஸ். ஓவியம் வரைவதை ஆண்மைக்கு ஒவ்வாததாக அவன் தந்தை கருதுகிறார். நகரத்திலிருந்து குடிவந்த லெஸ்லி ஓட்டப் பந்தயத்தில் அவனையும் மற்றச் சிறுவர்களையும் முந்துகிறாள். பின்னர் அவனுக்கு உற்ற தோழியாகிறாள். ஓடைக்கு அப்பாலுள்ள காட்டில் இருவரும் டெராபித்தியா என்னும் கற்பனை அரசை அமைக்கின்றனர். மரத்தில் தொங்கும் கயிற்றைப் பற்றி ஊஞ்சலாடித்தான் அங்குச் செல்லவேண்டும். ஒருநாள் ஜெஸ் தன் இசை ஆசிரியையோடு வாஷிங்டன் நகரக் கலைக்கூடத்திற்குச் செல்கிறான். லெஸ்லியை உடன் அழைக்க நினைக்கவில்லை. அன்று தனியே சென்ற அவள், கயிறு அறுந்து ஓடையில் விழுந்து இறக்கிறாள்.

இவ்விறப்பை எழுதவேண்டிய இடம் நெருங்கியதும் பேட்டர்சனால் எழுத இயலவில்லை. எழுதினால் லெஸ்லி இறந்துவிடுவாள் என்பதே தயக்கத்துக்குக் காரணம் என அவர் எண்ணினார். அவர் எதிர்கொள்ள அஞ்சுவது தம்முடைய இறப்பையே என்று தோழி ஒருவர் சுட்டிக்காட்டியபின், அப்பகுதியை எழுதி முடித்தார்.

நாவலில் இறப்புக்குப்பின் வரும் பகுதியே மிகவும் கருதத்தக்கது. ஜெஸ் முதலில் நம்ப மறுக்கிறான்; சினங்கொள்கிறான்; தங்கையை அடிக்கிறான்; குற்றவுணர்வில் உழல்கிறான். அவனுக்கு ஆறுதலாவது பிள்ளைகள் கேலிசெய்யும் ஆசிரியை ஒருவர். தம் கணவர் இறந்தபோது எல்லோரும் மறந்துவிடச் சொன்னதையும், தமக்கு மறக்க விருப்பமில்லாதிருந்ததையும் அவர் கூறுகிறார். மாண்டோர்க்காக எஞ்சியோர் வருந்துவதைத் தமிழ் இலக்கணம் கையறுநிலை எனத் தனித்துறையாகவே வகுத்துள்ளது. அத்துயரம் பெரியவர்க்கு மட்டும் உரியதன்று, பத்து வயதுச் சிறுவனுக்கும் உரியது என்பதை இந்நாவல் உணர்த்துகிறது. இறுதியில் ஜெஸ் ஓடையின் குறுக்கே பலகைகளால் பாலம் அமைத்து, தன் தங்கையை டெராபித்தியாவின் அரசியாக அழைத்துச் செல்கிறான். லெஸ்லி மீளவில்லை; அவள் தந்ததை ஜெஸ் மற்றொரு குழந்தைக்குத் தருகிறான்.

எவருக்கும் வேண்டாத பிள்ளை

பேட்டர்சன் இல்லத்தில் கம்போடியச் சிறுவர் இருவர் சிறிதுகாலம் தங்கியிருந்தனர். சிக்கல்கள் எழும்போதெல்லாம், இவர்கள் சில வாரங்களே இங்கு இருக்கப்போகிறவர்கள் என்ற எண்ணம் தம்முள் எழுவதை அவர் கண்டார். ஒரு மனித உயிரைப் பயன்படுத்தி எறியும் பொருளாகத் தாம் கருதியதை உணர்ந்த நாணமே 'தி கிரேட் கில்லி ஹாப்கின்ஸ்' (1978) நாவலின் வித்து. இந்நூல் 1979-இல் தேசிய நூல் விருது பெற்றது.

தாயால் கைவிடப்பட்டு வீடு வீடாக மாற்றப்படும் பதினொரு வயதுச் சிறுமி கில்லி. முரட்டுத்தனமும் சூழ்ச்சியும் அவளுக்குக் கவசங்கள். டிராட்டர் என்னும் வளர்ப்புத் தாய் அவளை நிபந்தனையின்றி ஏற்கிறார். அதை உணருமுன் கில்லி தன் தாய்க்குப் பொய்க்குற்றச்சாட்டு நிறைந்த கடிதம் எழுதிவிடுகிறாள். அக்கடிதத்தின் விளைவாக, அதுவரை அறிந்திராத பாட்டியிடம் அனுப்பப்படுகிறாள். நெடுநாள் கனவுகண்ட தாய் வானூர்தி நிலையத்தில் வந்திறங்கும்போது, பாட்டி பணம் கொடுத்ததாலேயே அவள் வந்தாள் என்பது தெரியவருகிறது. கில்லி தொலைபேசியில் டிராட்டரிடம் திரும்பிவர வேண்டுகிறாள். இனி உன் இல்லம் பாட்டியிடமே என்கிறார் டிராட்டர். கில்லி அதனை ஏற்று, தனியே வாழும் பாட்டிக்குத் துணையாகத் திரும்புகிறாள். பரிவை மட்டும் நாடிய குழந்தை இங்குப் பரிவு காட்டும் பொறுப்பை ஏற்பதைக் காணமுடிகிறது.

இரட்டையருள் மூத்தவள்

இளையோர்க்கான 'ஜேக்கப் ஹேவ் ஐ லவ்ட்' (1980) நாவலின் தலைப்பு, யாக்கோபு - ஏசா என்னும் விவிலிய இரட்டையரை நினைவூட்டுவது. செசபீக் விரிகுடாவில் உள்ள கற்பனைத் தீவொன்றில் நண்டு பிடித்து வாழும் குடும்பத்தில் பிறந்தவள் லூயிஸ். இரட்டையருள் நலமாகப் பிறந்த மூத்தவள் இவள். நலிந்து பிறந்த தங்கை கரோலினைக் காப்பதில் எல்லோரும் முனைந்தபோது, கூடையில் கிடத்தப்பட்ட இவளை அனைவரும் மறந்தனர். அம்மறதி வாழ்நாள் முழுதும் தொடர்வதாக எண்ணி அவள் புழுங்குகிறாள்.

மலைப்பகுதி ஒன்றில் மருத்துவச்சியாகப் பணியாற்றும் லூயிஸ், இறுதியில் ஓர் இரட்டைப் பேற்றைப் பார்க்கிறாள். இரண்டாவது குழந்தை நலிந்திருக்கிறது. அதைக் காக்கும் பரபரப்புக்கிடையே முதற்குழந்தை எங்கே என்று கேட்டு, அதனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுமாறு கூறுகிறாள். நலிந்த குழந்தைக்குத் தன் முலைப்பாலையே ஊட்டுகிறாள். ஒரே இரவில் அவள் தங்கைக்கும் பழைய லூயிஸுக்கும் ஒருங்கே தாயாகிறாள் எனலாம்.

எதிர்ப்பும் அதன் பொருளும்

அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த, 1990-களில் மிகுதியாக ஆட்சேபிக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் 'பிரிட்ஜ் டு டெராபித்தியா' முதல் பத்து இடங்களுக்குள் இருந்தது. இறைவன் பெயரைச் சலிப்புச் சொல்லாக மாந்தர் வழங்குதல், மாய உலகக் கற்பனை, இறப்பு ஆகியன எதிர்ப்புக்குக் காரணங்களாயின. சமய நோக்கில் ஆட்சேபிக்கப்பட்ட அந்நூலை எழுதியவர் ஊழியரின் மகள், தாமும் ஊழியர், போதகரின் மனைவி என்பது கருதத்தக்கது. அவருடைய சமயப் பற்றே துன்பத்தை மறைக்க அவரை விடவில்லை எனத் தோன்றுகிறது. குழந்தைகளை இறப்பிலிருந்து காக்கும் ஆற்றல் பெரியவர்க்கு இல்லை. நூலை நீக்கினாலும் மின்னல் நிற்பதில்லை. துயருறும் குழந்தைக்குத் துணையாகும் நூல் ஒன்று குறைகிறது.

முடிவுரை

மகிழ்ச்சியான முடிவும் நம்பிக்கை தரும் முடிவும் வேறுவேறு என்பதைப் பேட்டர்சனின் நாவல்கள் புலப்படுத்துகின்றன. முன்னது இழந்ததை மீட்டுத் தருகிறது. பின்னது இழப்போடு வாழும் வலிமையைத் தருகிறது. ஜெஸ் பாலம் அமைக்கிறான், கில்லி பாட்டியோடு தங்குகிறாள், லூயிஸ் பாலூட்டுகிறாள். வாழ்த்து அட்டை கிடைக்காத சிறுமி அட்டை பெறும் கதையை இவற்றுள் எதுவும் சொல்லவில்லை. அவள் மற்றொருவர்க்கு அட்டை எழுதக் கற்கும் கதையையே இம்மூன்றும் சொல்கின்றன. சிறார் நூல்களை மதிப்பிடுவோர், அந்நூலில் துயரம் உண்டா என்று மட்டும் கேளாமல், துயரத்தின் மறுகரையில் அக்குழந்தை எதைச் செய்யக் கற்கிறது என்றும் கேட்பது பயன்தரும்.