தளபதி போட்ட ஜாமீன் கையெழுத்து

அமெரிக்க விடுதலைப் போரில் தென்முனைப் படைக்குத் தலைமை தாங்கிய நத்தானியேல் கிரீன் 1786 ஜூன் 19 அன்று ஜார்ஜியாவில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 43. மனைவி கேத்தரினுக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் அவர் விட்டுப்போனவற்றில் சவன்னா ஆற்றங்கரையில் நெல் விளையும் ஒரு பண்ணையும் இருந்தது, பல்லாயிரம் பவுண்டு கடனும் இருந்தது. அந்தக் கடனின் பெரும்பகுதி அவர் தமக்காக வாங்கியதல்ல. படைவீரர்களின் உடைக்கும் உணவுக்கும் ஜாமீன் நின்று தலையில் ஏற்றிக்கொண்டது. அதைத் தீர்க்க அவர் உயிரோடிருந்தபோதே ஒரு மனு எழுதினார். அவருக்குப் பின் அவர் மனைவி எழுதினார். முதல் தவணை விடிவு 1792இல் வந்தது, இரண்டாவது 1796இல்.

ரோட் ஐலண்டில் இரும்புப் பட்டறை நடத்திய குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர் கிரீன். போரை மறுக்கும் சமயப் பிரிவு அது. அதிலிருந்து விலகி, ஒரு காலைச் சற்றே தாங்கி நடக்கும் சாதாரண உள்ளூர்ப் படைவீரனாகத் தொடங்கியவர், ஓராண்டுக்குள் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். 1780 டிசம்பரில் வட கரோலினாவின் சார்லட் ஊரில் தென்முனைப் படையின் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு அவர் நடத்திய பெரும் சண்டைகள் எதிலும் தெளிவான வெற்றி இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் பிரிட்டிஷ் படை மேலும் மெலிந்து கடலோரம் நோக்கிப் பின்வாங்கியது. 1782 டிசம்பர் 14 அன்று சார்ல்ஸ்டன் நகரையும் விட்டுவிட்டுக் கப்பலேறியது.

வெற்றி கிடைத்த வேளையில் படையின் நிலை பரிதாபமாக இருந்தது. வீரர்கள் பலருக்கு மேலுடை கிடையாது. துப்பாக்கியும் தோட்டாப் பையும் வெற்றுத் தோளை உரசிப் புண்ணாக்காதிருக்க, மரங்களில் தொங்கும் பாசியைத் திரட்டித் தோளிலும் இடுப்பிலும் மெத்தைபோல் வைத்துக்கொண்டார்கள் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. மத்திய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. மாநிலங்கள் மனமுவந்து அனுப்பினால்தான் பணம். போர் முடிந்துவிட்டதென்ற நினைப்பில் மாநிலங்களும் கையை இழுத்துக்கொண்டன. வீரர்கள் பசியில் ஊருக்குள் புகுந்து தானியத்தைப் பறித்துவிடுவார்களோ என்ற அச்சம் தளபதிக்கு உண்மையாகவே இருந்தது.

இந்த இடத்தில்தான் ஜான் பேங்க்ஸ் வருகிறார். வர்ஜீனியாவைச் சேர்ந்த வணிகர். சார்ல்ஸ்டனை விட்டுப் போகவிருந்த பிரிட்டிஷ் வணிகர்களின் கிடங்குகளில் துணி நிறைய இருந்தது. அதை வாங்கிப் படைக்குத் தருவதாக ஒப்பந்தம் செய்தார். 1783 தொடக்கத்தில் உணவு வழங்கும் ஒப்பந்தமும் அவருக்கே போயிற்று. வேறு யாரும் அந்தப் பொறுப்பை எடுக்க முன்வரவில்லை. துணிக்காகக் கிரீன் மத்திய நிதி அலுவலகத்தின் பெயரில் பணம் தரச் சொல்லும் உண்டியல்கள் எழுதித் தந்தார். அவற்றால் கிடைத்த பணத்தைப் பேங்க்ஸ் சரக்குக்காரர்களிடம் சேர்க்காமல் வேறு வியாபாரங்களில் முடக்கிவிட்டார். பாக்கி நின்றது. சரக்குக் கொடுத்தவர்கள், பொறுப்பான ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டாலொழிய இனி ஒரு மூட்டையும் தருவதில்லை என்று கைவிரித்தார்கள். அந்த ஊரில் பணக்காரர்கள் மதிக்கும் பெயர் ஒன்றுதான் இருந்தது. கிரீன் கையெழுத்துப் போட்டார். நியூகோமன் அண்ட் காலட், ஹாரிஸ் அண்ட் பிளாச்ஃபோர்ட் ஆகிய நிறுவனங்களுக்கு அவர் எழுதிக்கொடுத்த பத்திரங்களின் மொத்தப் பொறுப்பு 30,000 பவுண்டுக்கும் மேல்.

தளபதி என்ற பதவியின் பெயரில் அல்ல, நத்தானியேல் கிரீன் என்ற தனிமனிதனாகவே அவர் கையெழுத்திட்டார். பின்னால் வந்த தொல்லைகள் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான். பதவியில் இருப்பவர் செய்த செலவு அரசின் கணக்கில் ஏறும். தனிமனிதன் போட்ட ஜாமீன் அவன் பிள்ளைகள் தலையில் விடியும்.

கூடவே ஒரு சந்தேகமும் முளைத்தது. பேங்க்ஸ் எழுதிய கடிதங்கள் வழியில் பிரிக்கப்பட்டன. தளபதிக்கும் இந்த வியாபாரத்தில் பங்குண்டு என்ற தொனி அவற்றில் இருந்தது. கிரீனின் உதவி அதிகாரி இக்கபாட் பர்னெட் உண்மையிலேயே கூட்டாளியாகச் சேர்ந்திருந்தார். கிரீன் கொதித்துப்போய், தனக்குப் பங்கில்லை என்று பேங்க்ஸையே சத்தியப் பிரமாணம் எழுதித் தரச் செய்தார். இருந்தும் பேச்சு அடங்கவில்லை. அதற்கு ஓரளவு காரணமும் இருந்தது. முன்பு படையின் தளவாட அதிகாரியாக இருந்த காலத்தில், ஜெரமையா வாட்ஸ்வொர்த், பர்னபாஸ் டீன் ஆகியோருடன் அவர் ரகசியக் கூட்டு வியாபாரம் வைத்திருந்தார். வணிகத்தையும் பதவியையும் பிரிக்கும் கோடு அக்காலத்தில் மெலிதாகத்தான் இருந்தது. பேங்க்ஸ் விஷயத்தில் அவர் கை சுத்தம் என்பதைப் பிற்கால விசாரணை ஏற்றது. ஆனால் அந்தச் சந்தேகம் பத்தாண்டுக்கு மேல் அவர் குடும்பத்தின் பின்னாலேயே நடந்தது.

1784இல் பாக்கியை வசூலிக்கப் பேங்க்ஸைத் தேடிக் கிரீன் குதிரையேறினார். போய்ச் சேர்ந்தபோது பேங்க்ஸ் இறந்து புதைக்கப்பட்டிருந்தார். கடன் கொடுத்தவர்களின் பார்வை ஜாமீன்தாரர் பக்கம் திரும்பியது. தென் மாநிலங்கள் நன்றிக்கடனாகக் கிரீனுக்கு நிலம் தந்திருந்தன. தென் கரோலினா ஒரு பண்ணையும், ஜார்ஜியா மல்பெரி குரோவ் என்ற பண்ணையும், வட கரோலினா மேற்கே 25,000 ஏக்கரும் கொடுத்தன. நிலத்தைச் சாகுபடி செய்ய அவர் அடிமைகளைக் கடனுக்கு வாங்கினார். விடுதலைக்குப் போராடியவர், குவேக்கர் வீட்டில் வளர்ந்தவர், மனிதர்களை விலைக்கு வாங்கியது அவர் வாழ்வின் அழியாத கறை. கடன் கணக்கிலும் அது கலந்திருந்தது. ஆகவே போர்க்கால ஜாமீனை மற்றப் பண்ணைக் கடன்களிலிருந்து பிரித்துக்காட்ட வேண்டிய வேலை மனு எழுதியவர்களுக்கு வந்து சேர்ந்தது.

1785 ஆகஸ்டில் கிரீன் காங்கிரஸுக்கு முதல் மனுவை அனுப்பினார். நடந்ததை வரிசையாக எழுதி, ஜாமீனால் தாம் அழிந்துபோகாமல் காக்கும்படி கேட்டார். காசில்லாத அந்தக் காங்கிரஸ் எதுவும் செய்யவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், கடன் கொடுத்த நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவருடன் பேசச் சவன்னா சென்ற கிரீன், திரும்பும் வழியில் நண்பர் ஒருவரின் நெல் வயலைச் சுற்றிப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. தலைவலியோடு வீடு வந்தவர் ஒரு வாரத்துக்குள் இறந்தார்.

குடும்பத் தலைவர் போய்விட்டால் கடன் போய்விடுவதில்லை. பத்திரத்தில் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. கேத்தரின் முன் இருந்த வழி மனு ஒன்றுதான். அரசின் சம்மதமில்லாமல் அரசின்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்பது அன்றைய சட்ட நிலை. அரசுக்கு எதிரான பணக் கோரிக்கைகளை விசாரிக்கும் தனி நீதிமன்றம் அமெரிக்காவில் 1855இல்தான் வந்தது. அதுவரை பாக்கி கேட்பவர் காங்கிரஸுக்கு மனுப் போட வேண்டும். காங்கிரஸ் இசைந்தால் அவர் ஒருவருக்கென்றே தனிச் சட்டம் ஒன்று நிறைவேற்றும். விதவை ஒருத்தியின் கடனுக்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றுவது இன்று விசித்திரமாகத் தோன்றலாம். அன்று அதுதான் நடைமுறை.

1789இல் புதிய அரசியலமைப்பின்படி வரி வசூலிக்கும் அதிகாரமுள்ள அரசு அமைந்தது. இனி கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. 1790 மார்ச்சில் கேத்தரினின் மனு பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. சபை அதைக் கருவூலச் செயலர் அலெக்ஸாண்டர் ஹாமில்டனிடம் ஆராய அனுப்பியது. கேத்தரின் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. கடிதங்களையும் பத்திர நகல்களையும், படையில் உடனிருந்தவர்களின் சாட்சியங்களையும் திரட்டினார். தலைநகரான பிலடெல்பியாவுக்குத் தாமே போனார். கிரீனின் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பில் இருந்த வாட்ஸ்வொர்த் அப்போது காங்கிரஸ் உறுப்பினர். அவர் துணை நின்றார்.

ஹாமில்டனின் அறிக்கை 1791 டிசம்பர் 26 தேதியிட்டது. அவர் கிரீனை நெருங்கி அறிந்தவர், மதித்தவர். ஆனாலும் அறிக்கையை நட்பின் பெயரில் எழுதவில்லை. காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கிரீன் பேங்க்ஸின் பங்காளியா? அல்லர். ஜாமீன் நின்றது படைக்காகவா, சொந்த ஆதாயத்துக்காகவா? படைக்காக. சட்டம் கண்டிப்பாகக் கொடுக்கச் சொல்கிறதா என்ற கேள்வியோடு அவர் நின்றுவிடவும் இல்லை. பொதுநலனுக்காக ஒருவர் ஏற்ற சுமையால் அவர் குடும்பம் நடுத்தெருவுக்கு வரலாமா என்ற நியாயத்தையும், நாட்டின் நன்றியுணர்வையும் சேர்த்து நிறுத்து, இழப்பை ஈடுசெய்யலாம் என்று பரிந்துரைத்தார்.

சபையில் எதிர்ப்புக் கடுமையாக இருந்தது. முன்னின்றவர் தென் கரோலினாவின் தாமஸ் சம்டர். கிரீனின் கீழ்ப் போரிட்டவர், அவரோடு அப்போதே முட்டிக்கொண்டவர். பழைய மனக்கசப்பு அவர் பேச்சில் தெரிந்தது. ஆனால் எதிர்த்தவர்கள் எல்லாரையும் பொறாமைக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. ஒரு தளபதியின் ஜாமீனை அரசு ஏற்றால் நாளை எத்தனை பேர் பத்திரத்தோடு வாசலில் நிற்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. குறைந்த வாக்கு வித்தியாசத்தில்தான் மசோதா தேறியது. 1792 ஏப்ரல் 27 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டம் ஒரு பக்கத்துக்கும் குறைவு. ஆனால் எச்சரிக்கையோடு எழுதப்பட்டது. நியூகோமன் அண்ட் காலட் நிறுவனத்துக்கு எழுதிய பத்திரத்தின்பேரில் 1786 நவம்பர் 1 அன்று நின்ற பாக்கி 8,688 பவுண்டு 6 ஷில்லிங் என்று ஷில்லிங் கணக்கு வரை குறிக்கிறது. அதற்கும் அதன் வட்டிக்கும் அரசு பொறுப்பேற்கும். கிரீனோ அவர் வாரிசுகளோ வேறு வழியில் இந்த நஷ்டத்தை ஏற்கெனவே ஈடுகட்டிக்கொள்ளவில்லை என்பதைக் கருவூல அதிகாரிகள் விசாரித்து உறுதிசெய்ய வேண்டும். பேங்க்ஸின் கூட்டாளியிடமிருந்து வசூலாகும் பணம் அரசைச் சேரும். இரட்டை வசூலுக்கு இடமில்லாமல் கதவடைத்த இந்த நிபந்தனைகள் கேத்தரினுக்குப் பாதகம் என்று சொல்ல முடியாது. சந்தேகப்பட்ட உறுப்பினர்கள் சிலரையாவது இசையவைத்திருக்கக் கூடியவை இவையே. வட்டியும் சேர்ந்து அவர் குடும்பத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 47,000 டாலர்.

இது ஒரு பத்திரத்துக்கான தீர்வு மட்டுமே. ஹாரிஸ் அண்ட் பிளாச்ஃபோர்ட் பத்திரம் இன்னும் கழுத்தில் தொங்கியது. அதற்கு மறுபடி மனு, மறுபடி விசாரணை. 1796 ஜூனில் இரண்டாவது சட்டம் வந்தது. அது ஏற்றுக்கொண்ட தொகை 11,000 பவுண்டுக்கு மேல். கிரீன் இறந்து அப்போது பத்து ஆண்டு ஆகியிருந்தது. அதே ஆண்டில் கேத்தரின், பண்ணையை நிர்வகித்துவந்த ஃபினியஸ் மில்லரை மணந்தார்.

பணம் வந்தும் பண்ணை நிலைக்கவில்லை. 1792 இலையுதிர் காலத்தில் மல்பெரி குரோவில் விருந்தினராக வந்து தங்கிய எலி விட்னி அங்கேயே பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். மில்லரும் கேத்தரினும் அதில் பணம் போட்டார்கள். இயந்திரத்தை ஊரெல்லாம் நகலெடுத்துக்கொண்டார்கள். காப்புரிமை வழக்குகளே பணத்தைத் தின்றன. நில ஊக வணிகத்திலும் இழப்பு. 1800இல் மல்பெரி குரோவ் விற்கப்பட்டது. குடும்பம் கம்பர்லாந்து தீவுக்குப் பெயர்ந்தது. கேத்தரின் 1814இல் அங்கே இறந்தார்.

அதே போரின் வேறு சில தளபதிகளுக்கு இவ்வளவுகூட வாய்க்கவில்லை. படைக்கு ஆள் சேர்க்கத் தன் கைப்பணத்தைத் தந்த ஆர்தர் செயின்ட் கிளேரின் கோரிக்கை, காலவரம்பு கடந்துவிட்டதென்று தள்ளப்பட்டது. சொத்தெல்லாம் இழந்து 1818இல் இறந்தார். அதே ஆண்டில் இறந்தவர் ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க். இல்லினாய் பகுதியைப் பிடித்த படையெடுப்புக்காக அவர் சொந்தப் பொறுப்பில் கையெழுத்திட்டு வாங்கிய மாவுக்கும் மருந்துக்கும் வர்ஜீனியா மாநிலம் பணம் தர மறுத்தது. ரசீதுகள் இல்லையென்பது சொல்லப்பட்ட காரணம். அனுப்பிவிட்டேன் என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இறந்து இருபது ஆண்டு கழித்து, 1838இல், வர்ஜீனியா அவர் வாரிசுகளுக்கு 30,000 டாலர் கொடுத்தது. ரசீதுகள் கட்டுக்கட்டாக, ஆயிரக்கணக்கில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிச்மண்ட் நகரில் மாநிலத் தணிக்கை அலுவலகத்தின் பழைய காகிதங்களுக்கிடையே கிடைத்தன. அவர் அனுப்பியபடியே அவை அங்கே இருந்தன.