கணக்கு மறக்கிறதா? தூக்கத்தைக் கவனியுங்கள்

வணிகப் பெருமக்களே, சரக்கும் பணமும் போலவே ஞாபகசக்தியும் நமக்கு முதல்தான். யார் எவ்வளவு பாக்கி, எந்த மூட்டை என்ன விலைக்கு வந்தது என்பதெல்லாம் சிட்டையில் ஏறும் வரை மனதில்தான் நிற்கின்றன. வராத பாக்கியை மறந்தால் நஷ்டம். வந்த பணத்தை மறந்து மறுபடி கேட்டால் பகை.

1996-ல் கொத்தவால்சாவடி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது. லாரிகள் இரவில் வந்து இறங்குகின்றன. அபிராமபுரத்தில் இரவு பத்து மணிக்குக் கடை அடைக்கும் காய்கறி வியாபாரி, விடியும் முன்பே கொள்முதலுக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. 2019-ல் தமிழக அரசு, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளை 24 மணி நேரமும் திறக்க அனுமதித்தது. இரவு ஷிப்ட் நம் தொழிலுக்கும் வந்துவிட்டது.

பகலில் அறிந்ததை மனதில் ஊன்ற வைப்பதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2014-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், பத்தாண்டுகளுக்கு மேல் ஷிப்ட் வேலை பார்த்தவர்களின் அறிவுத்திறன், ஆறரை வயது கூடினால் எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைந்திருந்தது. வேலையை விட்டு ஐந்தாண்டுகளாவது ஆன பிறகே தேறினார்கள்.

நம் சென்னையிலும் ஓர் ஆய்வு நடந்து 2021-ல் வெளியானது. குறைந்த வருமானமுள்ள 452 பேருக்குக் கணினியில் விவரம் பதியும் வேலை கொடுத்தார்கள். இரவில் எட்டு மணி நேரம் படுத்தும் ஐந்தரை மணி நேரமே அவர்கள் தூங்கினார்கள். இரவுத் தூக்கத்தை அரை மணி கூட்டியும் வேலையில் பலன் தெரியவில்லை. ஆனால் மதியம் வேலை இடத்திலேயே அரை மணி தூங்கியவர்களுக்குக் கவனமும் வேலைத்திறனும் கூடின. அந்த அரை மணியும் வேலை பார்த்திருந்தால் கூலி சற்றுக் கூடியிருக்கும் என்பதும் உண்மை.

மதியம் கடை அடைத்துக் கண்ணயர்ந்த நம் பெரியவர்கள் சோம்பேறிகள் அல்லர். நாமும் மூன்று காரியம் செய்யலாம். இரவு கடை அடைக்கும் பையனையே விடியற்காலைக் கொள்முதலுக்கு அனுப்பக் கூடாது. வியாபாரம் மந்தமான மதிய வேளையில் முறை வைத்து அரை மணி படுக்க விடலாம். சந்தையில் பேசிய விலையையும் கடனையும் அங்கேயே எழுதிவிட்டு, பேரேட்டை ஒரு தூக்கம் போட்டு எழுந்தபின் சரிபார்க்கலாம். இதற்கு ஒரு பைசா முதலீடு வேண்டாம்.